தோற்றுப்பார்க்க நேரம் வேண்டும்

எழுத ஆசை, பாட ஆசை, படம் வரைய ஆசை, ஆனால் நேரம்தான் இல்லை என்று யாராவது சொன்னால் நம்மிடம் ஒரு மருந்து தயாராக இருக்கிறது: அதிகாலை நாலு மணிக்கு எழுந்திரு. தன்முன்னேற்றப் புத்தகங்கள் இதைத்தான் சொல்கின்றன. கல்லூரி ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர்களும் இதையேதான் சொல்கிறார்கள். போடிநாயக்கனூரில் இந்த மருந்து வேலை செய்யாது. அங்கே ஏலக்காய் மலைக்குக் கூலிக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே நாலு மணிக்கு எழுந்துவிட்டவர்கள். சோறு பொங்கித் தூக்குவாளியில் அடைத்து, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்து, இருட்டு கலையும் முன்பே ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்தாக வேண்டும். போடிமெட்டு ஏறி, கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களில் இறங்கி, பொழுது சாய மறுபடி மலை இறங்குகிறார்கள். தேவாரம், கோம்பை, கம்பம் என்று அடிவாரத்து ஊர்கள் பலவற்றிலும் இதே நடைமுறைதான். நேரப் பற்றாக்குறையைப் பற்றி யோசிக்க இவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். சோம்பல், ஒழுங்கின்மை என்று நாம் வழக்கமாகச் சொல்லும் இரண்டு காரணங்களும் இங்கே எடுத்த எடுப்பிலேயே அடிபட்டுப் போகின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தோட்டத்தில் எட்டு மணி நேர வேலை. நடுவே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், அதுவும் மலையிலேயே கழிகிறது. தோட்டம் இருக்கும் தூரத்தைப் பொறுத்து, போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வாசலைத் தாண்டிய பிறகு பன்னிரண்டு மணி நேரம் போய்விட்டது. வீட்டு வேலைக்கு மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் புரட்டலாம். 2019-ல் சமையல், துப்புரவு போன்ற கூலியில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்ணுக்கு ஐந்தாண்டில் பத்து நிமிடம் மிச்சமானது. அந்தப் பத்து நிமிடம் ஆணின் தலையில் ஏறவில்லை என்பதும் தெரிகிறது. இது கூலிக்குப் போகாத பெண்களையும் சேர்த்த சராசரி. மலைக்குப் போகிறவர் எப்படியாவது சுருக்கி மூன்று மணி நேரத்தில் வீட்டு வேலையை முடிக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். தூக்கத்துக்கு ஏழு மணி. மிச்சம் இரண்டு மணி நேரம். அதற்குள்தான் குளியல், சாப்பாடு, தண்ணீர் பிடிப்பது, ரேஷன் கடை, சுய உதவிக் குழுத் தவணை, பிள்ளையின் காய்ச்சலுக்கு மாத்திரை எல்லாம். அந்த இரண்டு மணியும் ஒரே துண்டாகக் கிடைப்பதில்லை. பத்து நிமிடம், கால் மணி என்று சிதறிக் கிடக்கிறது.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏலச்செடியில் காய் உச்சியில் தொங்குவதில்லை. தூரடியிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையோடு படர்ந்து கிடக்கும்; குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்துதான் காய் எடுக்க வேண்டும். ஒரே செடியில் காய்கள் ஒன்றாகப் பழுப்பதும் இல்லை. நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு சுற்று என்று ஒரு பருவத்துக்குப் பல சுற்றுகள். மழைக்காலமும் காய் எடுப்புக் காலமும் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்தே வரும், அட்டைக்கடி தனி. இப்படி ஒரு நாளைக் கழித்தவருக்கு இரவு ஒன்பது மணிக்குக் கிடைக்கும் அரை மணி நேரமும், அலுவலகம் முடிந்து வந்தவருக்குக் கிடைக்கும் அரை மணி நேரமும் கடிகாரத்தில் மட்டும்தான் சமம்.

நேரம் இல்லாததால் படைப்புகள் குறைந்துபோகின்றன என்று சொல்லி நிறுத்திவிடலாம். என் வாதம் அதிலிருந்து சற்று விலகியது. ஒருவருக்கு நாலைந்து கலை ஆசைகள் இருப்பது குறையல்ல, இயல்பு. அவற்றில் எது நமக்கு வரும், எது வராது என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பார்த்து, சொதப்பி, கைவிட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். இந்தச் சொதப்பலுக்குப் பெரிய அளவில் நேரம் வேண்டும். அதுவும் யாரும் கணக்குக் கேட்காத நேரம். நேரம் படைத்தவர் மூன்று கலைகளில் கை வைத்து இரண்டில் தோற்று ஒன்றில் நிலைக்கிறார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைப்பவருக்குத் தோற்க வழியில்லை. முதல் முயற்சியே தேற வேண்டும். தேறாவிட்டால், ‘நமக்கெதுக்கு இதெல்லாம்’ என்று அவரே கதவைச் சாத்திக்கொள்வார். தோற்றுப்பார்க்கும் வாய்ப்பு சிலருக்கு ஏராளமாகவும் பலருக்கு அறவே இல்லாமலும் பங்கிடப்பட்டிருக்கிறது. இது பொதுப் பிரச்சினை. தனிமனிதர்களின் விடாமுயற்சி என்ற கணக்கில் இதை எழுதக் கூடாது.

கி. ராஜநாராயணனை எடுத்துக்கொள்வோம். அவர் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை, காசநோயோடு போராடியவர். ஆனாலும் அவருக்குக் கரிசலில் நிலம் இருந்தது. விளாத்திகுளம் சுவாமிகளிடம் இசை கற்கப் போக முடிந்தது. பொதுவுடைமை இயக்கத்திலும் விவசாயிகள் போராட்டத்திலும் திரிய முடிந்தது. முப்பதுகளின் நடுவில்தான் சிறுகதை எழுத்தாளராக வெளியே தெரிய வந்தார். இசையில் அவர் பெரிய வித்துவானாகவில்லை. அந்தக் காது வீண்போகவும் இல்லை. பேச்சுமொழியின் ஏற்ற இறக்கத்தை அப்படியே எழுத்தில் இறக்கியது அதே காதுதான். இசைக்குப் போன ஆண்டுகளை ‘வீணடித்த காலம்’ என்று அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால், மறுக்க யாரிடமும் ஆதாரம் இருந்திருக்காது.

போடிக்குப் பக்கத்திலேயே இன்னும் பெரிய சாட்சி இருக்கிறது. பண்ணைப்புரத்து இளையராஜா. அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக அந்தத் தோட்டப் பகுதிகளில் பாடியபோது, பதின்வயதுத் தம்பியும் கூடவே போனார். அன்றிலிருந்து 1976-ல் ‘அன்னக்கிளி’ வெளிவரும் வரை ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள். அதில் முதல் பத்தாண்டுகளை அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி, ஆர்மோனியமும் கிதாரும் பழகி, மேடையிலேயே தப்புச் செய்து மேடையிலேயே திருத்திக்கொண்டு கழித்தார். அந்தப் பத்தாண்டு காலச் செலவை ஏற்றது யார்? கட்சியும், கோயில் திருவிழாக் கமிட்டிகளும், சில்லறை கொடுத்துக் கேட்ட ஜனங்களும். இளையராஜாவின் மேதைமையைப் பேசும்போது நாம் இந்தச் செலவைப் பேசுவதில்லை. மேதைமை அவருடையது, அது முதிர்வதற்கான நேரத்தை ஊர் கூடிக் கொடுத்தது.

தேனி மாவட்டத்துக்காரர்கள் பெருமையோடு ஒப்பிக்கும் பட்டியல் ஒன்று உண்டு: பண்ணைப்புரம் இளையராஜா, அல்லிநகரம் பாரதிராஜா, வடுகபட்டி வைரமுத்து. பெருமைப்பட எல்லா நியாயமும் இருக்கிறது. பட்டியலை நீட்டிப் பாருங்கள், ஆண்களாகவே வருவார்கள். இதே மண்ணில் விடியற்காலை ஜீப்பில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அல்லிநகரத்து இளைஞருக்கு அரசாங்கச் சுகாதாரத் துறையில் வேலை கிடைத்தது, பிறகு அதை உதறிவிட்டு சென்னைக்குப் பேருந்து ஏறவும் முடிந்தது. இன்றைக்கு போடியிலிருந்து சென்னைக்கு நேரடி ரயிலே வந்துவிட்டது. 2010 முடிவில் நின்றுபோன போடி ரயில் பாதை அகலப்பாதையாகி 2023 ஜூனில் திறந்தது. ஆனால் உதறிவிட்டுப் போகும் சுதந்திரத்துக்குப் பயணச்சீட்டு மட்டும் போதாது. பின்னால் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். பட்டியலில் இருக்கும் ஆண்களுக்கு அது இருந்தது.

இந்த மலையைப் பற்றி வந்த நல்ல படம் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018). சுமை தூக்கும் ரங்கசாமிக்கு ஒரு காணி நிலம் வாங்க ஆசை. அந்த ஒரே ஆசையை மலையும் சந்தையும் எப்படித் தின்கின்றன என்பதைப் படம் அலட்டலில்லாமல் காட்டுகிறது. படத்தின் மேல் குறை சொல்ல வரவில்லை. ஆனால் உழைக்கிறவர்களைப் பற்றி நம் இலக்கியமும் சினிமாவும் யோசிக்கிற விதத்தில் ஒரு வழக்கம் தெரிகிறது: அவர்களுக்கு எப்போதும் ஒரே ஒரு ஆசைதான். நிலம், அல்லது வீடு, அல்லது மகளின் படிப்பு. காய் எடுக்கிற பெண்ணுக்கு நிலமும் வேண்டும், அதோடு கும்மிப்பாட்டுக் கட்டவும் கதை எழுதவும் தையலில் புதுப் புது வடிவம் போடவும் ஆசை என்று ஒரு கதாபாத்திரத்தை அமைத்தால் நமக்கே செயற்கையாகத் தோன்றும். ஆசைகள் பலவாக இருப்பதை நடுத்தர வர்க்கத்தின் தனிச்சொத்து என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம்.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் தெரிந்ததுதான். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதியவர்கள் இல்லையா? இங்கிலாந்தின் ஆந்தனி டிராலப் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்தபடி, விடியற்காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கால் மணிக்கு 250 வார்த்தை என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாவல் நாவலாக எழுதினார். காஃப்கா பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். உண்மைதான், ஆனால் முழுதாகப் பார்க்க வேண்டும். டிராலப்பை எழுப்பி காபி கொடுப்பதற்கென்றே ஒரு பணியாள் இருந்தார். அதற்காக அவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதல் சம்பளம். தன் வெற்றிக்கு அந்தப் பணியாளருக்கு வேறு எவரையும்விட அதிகம் கடன்பட்டிருப்பதாக டிராலப்பே சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். அந்தப் பணியாள் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதை நம் தன்முன்னேற்றப் பேச்சாளர்கள் விட்டுவிடுகிறார்கள். காஃப்காவின் அலுவலக நேரம் காலை எட்டு முதல் மதியம் இரண்டு வரை. அப்படியும் நேரமில்லை என்று நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் ஓயாமல் புலம்பினார்; நாவல்களை முடிக்காமலே போனார்.

சல்மாவின் கதையை இதே ஆட்சேபத்துக்கு ஆதரவாகச் சொல்பவர்கள் உண்டு. துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைக்கப்பட்டு, குடும்பத்துக்குத் தெரியாமல் கழிவறையில் மறைந்து நின்று கவிதை எழுதியவர், பின்னாளில் 2004-ல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்ற பெரிய நாவலையும் தந்தார். ‘மனம் இருந்தால் வழி உண்டு’ என்று இதிலிருந்து பாடம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவர் கழிவறையிலிருந்து கவிஞராக வெளியே வந்ததை வைத்து, கழிவறை எழுதுவதற்குப் போதுமான இடம் என்று முடிவு கட்ட முடியுமா? தப்பி வந்தவர்களை எண்ணி வழியைப் புகழ்கிறோம். வராதவர்கள் எண்ணிக்கையில் இல்லாததால் வாதத்திலும் இல்லாமல் போகிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. கூலி உயர வேண்டும், ஜீப்பில் ஆட்களை அடைத்து ஏற்றுவது நிற்க வேண்டும், குடியிருக்க வீடு வேண்டும். இவை எல்லாம் கிடக்க, கலைக்கு நேரம் கேட்பது வயிறு நிறைந்தவர்களின் கவலை அல்லவா? கூலியும் பாதுகாப்பும் முதலில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ‘முதலில் சோறு, பிறகு பாட்டு’ என்ற வரிசையைத் தொழிலாளர்கள் தாமே ஒருபோதும் ஏற்றதில்லை. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ழாக் ரான்சியேர் 1981-ல் வெளியிட்ட நூலில், 1830-களின் பாரிஸ் தச்சர்களும் தையற்காரர்களும் தூங்க வேண்டிய இரவுகளில் கவிதை எழுதியதையும், சண்டையும் சச்சரவுமாகப் பத்திரிகை நடத்தியதையும் ஆவணங்களிலிருந்து தோண்டி எடுத்துக் காட்டினார். பகலில் உழைத்து இரவில் உறங்கி மறுநாள் உழைக்கத் தயாராவது மட்டுமே தொழிலாளியின் வாழ்க்கை என்ற விதியை அவர்கள் ஏற்கவில்லை. அவர்களுடைய அரசியல் அங்கிருந்துதான் முளைத்தது. பாவலர் வரதராஜனின் மேடையும் வேறென்ன? கூலி கேட்ட வாயும் பாட்டுப் பாடிய வாயும் ஒன்றுதான்.

கைபேசியில் மணிக்கணக்காக ரீல்ஸ் பார்க்க நேரம் இருக்கிறதே என்பது மூன்றாவது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முன்பு சொன்ன சிதறிய பத்து நிமிடத்துக்கும் களைத்த உடம்புக்கும் தோதாகச் செய்யப்பட்ட பண்டம் அது. ஜீப்பில் நெருக்கியடித்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவரால் அதைப் பார்க்க முடியும், நாவல் எழுத முடியாது. நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக ரயிலில் அலைந்தபடியே எழுத்தாளராக வளர்ந்தார் என்றால், ரயிலில் ஒரு இருக்கையாவது இருந்தது.

செய்யக்கூடியது என்ன? முதலில் அந்த மூன்று மணி நேரப் பயணம். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டங்களுக்கும் பொருந்தியது. வாரத்துக்கு 48 மணி நேர உச்சவரம்பு, பிள்ளைக் காப்பகம், பொழுதுபோக்கு வசதி என்றெல்லாம் அதில் இருந்தன. ஒரு நாள் வேலை, ஓய்வு இடைவேளையையும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் விரியக் கூடாது என்றும் சொன்னது. காத்திருப்பை எண்ணிய சட்டம் பயணத்தை எண்ணவில்லை. தொழிலாளி தோட்டத்து லயத்திலேயே குடியிருப்பார் என்று வைத்து எழுதிய சட்டம் அது. அதுவும் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்தைத் தொடவில்லை. ஏல மலையில் சிறு தோட்டங்களே அதிகம். இந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020-ல் நாடாளுமன்றம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றியது. அவற்றில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்து வேலையோடு தொடர்புடையதாக நிறுவப்பட்டால் அதை வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ள வேண்டும் என்கிறது. பயணம் எலும்பை முறித்தால் அது வேலையின் பகுதி. நேரத்தைத் தின்றால் மட்டும் தொழிலாளியின் சொந்த விஷயமா? நிலையான பணியிடம் இல்லாத தொழிலாளர்கள் வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளரிடம் போகும் நேரமும் வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. இன்று ஒரு தோட்டம், அடுத்த வாரம் இன்னொன்று என்று அனுப்பப்படும் போடிப் பெண்களின் நிலை அதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல.

தோட்டக்காரர்கள் விலையைக் காட்டுவார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது: 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்வரை போன ஏலக்காய், மூன்று ஆண்டுக்குள் ஆயிரத்தை ஒட்டிய சராசரிக்கு இறங்கியது. ஆனால் 7,000 விற்றபோதும் பயண நேரத்தை யாரும் எண்ணவில்லை. மலைக்கு ஆள் கிடைக்கவில்லை, ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் கூட்டிவர வேண்டியிருக்கிறது என்று அங்கலாய்க்கிறவர்களும் இவர்களே. வேலை நாளைச் சுருக்குவது ஆளைத் தக்கவைக்கும் வழியும்கூட. உண்மையான சிக்கல் எல்லைக்கோட்டில் இருக்கிறது. தொழிலாளி தூங்குவது தமிழ்நாட்டில், உழைப்பது கேரளத்தில். அவருடைய நேரத்துக்கு இரண்டு அரசுமே பொறுப்பேற்பதில்லை.

தமிழ்நாடு தன் பக்கத்தில் செய்ய ஒன்று உண்டு. சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது இந்த மாநிலம்தான், 1948-ல். சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகை வழியாக ஜீப் ஏறுகிறவரும் அதைக் கட்டுகிறார். அந்த வரியில் நடக்கும் நூலகம், ஜீப்புகள் திரும்பிய பிறகு இரவில் இரண்டு மணி நேரமாவது திறந்திருக்க வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை முழு நாளும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் அங்கேயே வேண்டும். அது இல்லாமல் திறந்தால் ஆண்கள்தான் வந்து உட்கார்ந்து தினசரி படிப்பார்கள்.

மலை ஏறாமல் போடியிலேயே வேலை பார்க்கும் பெண்களும் இருக்கிறார்கள். ஏலத்துக்கும் கடைக்கும் போகும் காயை அளவு பார்த்து, நிறம் பார்த்து, காம்பு கிள்ளித் தரம் பிரிக்கிறவர்கள். கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது சும்மா இருக்கும். கண்ணூரில் பீடி சுற்றும் தொழிலாளர்கள் இந்தக் காதை வீணாக்கவில்லை. ஒருவர் பத்திரிகையோ புத்தகமோ உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றினார்கள். படித்தவர் சுற்றாமல் விட்ட பீடிகளை மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்து ஈடுகட்டினார்கள். இதை போடியில் செய்யச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. தரம் பிரிக்கும் கூடத்துக்கு ஒருவர், அவருக்கும் அதே நாள் கூலி. அந்தக் கூலியை முதலாளி கொடுக்க வேண்டும். எதைப் படிப்பது என்பதைப் பெண்களே முடிவு செய்யட்டும். முதல் வாரமே அதில் சண்டை வரும். ஒருத்தி தொடர்கதை கேட்பாள், இன்னொருத்தி சாமி கதை கேட்பாள், மூன்றாவது ஒருத்தி தான் எழுதிவைத்திருப்பதைப் படிக்க வேண்டும் என்பாள்; அது நன்றாக இல்லாமலும் போகலாம்.